எண்ணெய் அண்ணாச்சி செய்து பார்த்த புத்தகங்கள்

எங்கள் கிளை நூலகத்தின் பதினோராம் விதி இப்படிப் போகும்: "வாசகர் எவரும் நூலகப் புத்தகத்தில் எழுதவோ, கோடிடவோ, தாளை மடிக்கவோ, கறைப்படுத்தவோ கூடாது. மீறுவோரின் உறுப்பினர் சீட்டு ரத்து செய்யப்படும்." இந்த நான்கு குற்றங்களையும் ஒரே பக்கத்தில், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் செய்து முடிக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான் இந்தப் பூமியில் பிறந்தார். அவர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய பெயர் உறுப்பினர் பதிவேட்டில் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். எல்லோருக்கும் அவர் எண்ணெய் அண்ணாச்சி. சாரல் விழும் மூன்று மாதமும் பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில் வருகிறவர்களைக் குப்புறப் படுக்கவைத்து நல்லெண்ணெய் தேய்ப்பார். மிச்ச ஒன்பது மாதமும் தென்காசிக்கு நடந்து வந்து எங்கள் நூலகத்தில் உட்கார்ந்திருப்பார். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. கதைப் புத்தகத்தைக் கையால் தொடமாட்டார். "நடக்காததப் படிச்சு என்ன சார் செய்ய?" என்பார். மனிதன் முன்னேறுவது எப்படி, குடும்பம் ஒற்றுமையாக இருப்பது எப்படி, ஊர் திருந்துவது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள்தான் அவருக்கு வேண்டும். ஐம்பதுகளில் அந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. நாடு புதிதாகச் சுதந்திரம் அடைந்திருந்தது. எல்லோரையும் திருத்திவிடலாம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம்.

அந்தப் புத்தகங்களைப் படித்தவர்கள் எத்தனையோ பேர். அவற்றில் சொன்னபடி நடந்து பார்த்தவர், எனக்குத் தெரிந்து, அண்ணாச்சி ஒருவர்தான். எழுதிய ஆசிரியர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு அத்தியாயம் படிப்பார். பக்கத்தை மடிப்பார். போவார். இரண்டு நாளோ பத்து நாளோ கழித்து வந்து, மடித்த பக்கத்தைப் பிரித்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து, ஓரத்தில் எழுதுவார். ஒவ்வொரு குறிப்பும் 'செய்து பார்த்தேன்' என்றுதான் தொடங்கும். விரல் பட்ட இடத்தில் தாள் எண்ணெய் குடித்து, அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும்.

மனிதர்களைக் கவர அவர்களிடம் உள்ள ஒரு நல்ல அம்சத்தை மனமாரப் புகழ வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. அண்ணாச்சியின் குறிப்பு: "செய்து பார்த்தேன். செங்கோட்டை வக்கீல் ஒருவரிடம், ஐயாவுக்கு முதுகு தேரோடும் வீதி மாதிரி விசாலம் என்று சொன்னேன். பாதி எண்ணெயோடு எழுந்து போய்விட்டார். முதுகைப் புகழக் கூடாது. தலைமுடியைப் புகழலாம், இருந்தால்."

இல்லறத்தைப் பற்றிய இன்னொரு புத்தகம், கணவன் தினமும் கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் மனைவி சொல்வதைக் கேட்க வேண்டும் என்றது. நாலாம் நாள் அவர் மனைவி நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏன் சார், இந்த மனுசனுக்கு என்ன புஸ்தகத்தக் குடுத்திய? நான் பேசப் பேச என் வாயவே பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டேங்காரு. எனக்குப் பயமா இருக்கு சார். கோட்டிகீட்டி பிடிச்சிருக்குமோ?"

"நல்ல புத்தகம்தாம்மா. நீங்க சொல்லுதத அவர் கவனமாக் கேக்கணும்னு எழுதியிருக்கு."

"இருவது வருசமா இல்லாத கவனம் இப்ப எதுக்கு? அத வாங்கி வச்சுக்கிட்டு வேற ஏதாவது குடுங்க. வெவசாயம் கிவசாயம்னு."

அந்தப் பக்கத்து ஓரத்தில் இன்றும் இருக்கும்: "செய்து பார்த்தேன். கால் மணி போதாது. ஆசிரியருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தோன்றுகிறது."

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டுறவு வாழ்க்கையைப் பற்றிய ஒரு புத்தகத்தில், சண்டையுள்ள இடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும், வட்டத்தில் உயர்ந்த இடம் கிடையாது என்று எழுதியிருந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்குள் அப்போது தினமும் சண்டை. பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் இறங்கினால் நாலு பேர் நாலு கை காலைப் பிடித்து இழுப்பார்கள். குளிக்க வந்தவர் எண்ணெய் தேய்க்காமலேயே நரம்பு பிசகித் திரும்பியதுண்டு. அண்ணாச்சி அத்தனை பேரையும் பாறையில் வட்டமாக உட்காரவைத்தார். குறிப்பு: "செய்து பார்த்தேன். வட்டமாக உட்கார்ந்தால் முதலில் யார் எழுவது என்று தெரியவில்லை. கூட்டம் முடியவே இல்லை. பசி வந்ததும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இனி முறை வைத்துத்தான் ஆள் பிடிப்பது. சண்டை நின்றது. ஆசிரியர் பசியையும் சேர்த்து எழுதியிருக்கலாம்."

இந்தக் குறிப்புகள் மெல்ல ஊருக்குத் தெரிந்தன. "அண்ணாச்சி படிச்ச காப்பி இருக்கா?" என்று ஆட்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். ஆலங்குளத்திலிருந்துகூட ஒருவர் பஸ் ஏறி வந்தார். சுத்தமான பிரதிகள் சுத்தமாகவே அலமாரியில் இருந்தன. விதி அறிந்த நூலகர் என்ற முறையில் நான் அப்போதே நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். எழுத்து மூலமான புகார் எதுவும் வரவில்லை என்பதால் எடுக்கவில்லை.

புகார் வந்தது. எங்கள் வாசகர்களில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். அவர் கோபம் தென்காசி தாலுகா முழுவதும் பிரசித்தம். பக்கத்தில் யாராவது தாளைச் சத்தமாகப் புரட்டினால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். யார் சொல்லியோ, கோபத்தை வெல்வது பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துப் போனார். மறுநாள் காலை, நான் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார்.

"என்ன வே இது?"

கோபம் வந்தால் பேசுவதற்கு முன் பத்துவரை எண்ண வேண்டும் என்று அச்சிட்ட வரிக்குப் பக்கத்தில் பென்சில் எழுத்து: "செய்து பார்த்தேன். சரியாக வருகிறது. எனக்குப் பத்து போதும். நம் ரிடையர்டு தாசில்தார் ஐயா ஆயிரம்வரை எண்ணினால் நல்லது."

"ஆயிரமா வே? ஆயிரமா? எண்ணெய் தேய்க்கிற பய எனக்குக் கணக்குச் சொல்லுதானா?"

புகாரை எழுத்தில் தர வேண்டும் என்றேன். நின்றபடியே எட்டுப் பக்கம் எழுதினார். ஒன்று, இரண்டு என்றுகூட எண்ணாமல் எழுதினார் என்பது படித்தபோது தெரிந்தது. திருநெல்வேலி மாவட்ட அலுவலகத்திலிருந்து எனக்குக் குறிப்பாணை வந்தது: பதினோராம் விதி ஏன் பிரயோகிக்கப்படவில்லை?

செய்தி எப்படியோ குற்றாலம் போய்விட்டது. அண்ணாச்சி வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து, நனையாமலிருக்க மழைக்காகிதத்தில் சுற்றிய உறுப்பினர் சீட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"புடுங்கறதா இருந்தா இப்பவே எடுத்துக்கிடுங்க சார். பத்துப் பேரு பாக்க வாங்கிக்கிட்டா மானம் போயிரும்."

"ஏன் அண்ணாச்சி எழுதுதிய? படிச்சிட்டு வச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

"அது எப்பிடி சார்? ஒரு மனுசன் இம்புட்டு மெனக்கெட்டு, 'நண்பரே, இதைச் செய்து பாருங்கள்'னு நமக்கு எழுதுதாரு. செஞ்சு பாத்தவன் பதில் சொல்லாண்டாமா?" சீட்டை ஒரு முறை தடவினார். "சீசன்ல எங்கிட்டப் பேசுற எல்லாவனும் குப்புறப் படுத்துக்கிட்டுத்தான் சார் பேசுதான். என் முகத்தப் பாத்துப் பேசுறது இந்தப் புஸ்தகம் ஒண்ணுதான்."

சீட்டை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"கோப்பு நிலுவையில இருக்கு. நிலுவையில இருக்கிற விஷயத்துல யாரும் கை வைக்க முடியாது."

"நிலுவைன்னா எம்புட்டு நாளைக்கு சார்?"

"அதப் பாத்துக்கிடத்தான் எனக்குச் சம்பளம் குடுக்காங்க."

பதினோராம் விதி, சீட்டு ரத்து செய்யப்படும் என்று சொல்கிறது. யார் ரத்து செய்வது என்று சொல்லவில்லை. அதைக் கேட்டு எழுதினேன். பதில் வர ஐந்து மாதம். ரப்பரால் அழிக்கக்கூடிய பென்சில் குறிப்பு 'எழுதுதல்' ஆகுமா என்று அடுத்துக் கேட்டேன். அதற்கு ஏழு மாதம். தொழில் காரணமாகத் தோலில் ஊறிய எண்ணெய், வேண்டுமென்றே ஏற்படுத்திய கறையாகுமா என்று மூன்றாவதாகக் கேட்டபோது, மாவட்ட அதிகாரி நேரில் ஆய்வுக்கு வருவதாகத் தந்தி கொடுத்தார். மாதம் ஆடி. எங்கள் கிளைமேல் மேலதிகாரிகளுக்கு அக்கறை பிறப்பது எப்போதும் சாரல் நேரத்தில்தான்.

ஆய்வுக்கு வரும் அதிகாரியை முதலில் அருவிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் அதை மீறியவரும் இல்லை. அழைத்துப் போனேன். அவர் எண்ணெய் தேய்க்க வேண்டும் என்றார். நான் அவசரமாக வேறொரு ஆளைக் கைகாட்டினேன். அந்த ஆள் நகரவில்லை.

"மொற அண்ணாச்சிக்கு சார்."

"பரவாயில்ல, நீரே வாரும்."

"அதெப்பிடி? வட்டமா உக்காந்து பேசினது. மாத்தப்படாது."

ஆக, அதிகாரி அண்ணாச்சியின் கையில் குப்புற விழுந்தார். நான் பின்னால் துண்டோடு நின்றேன்.

"கழுத்துல உருண்ட உருண்டயா முடிச்சு. ஐயா ஆபீஸரோ?"

"ம்."

"வேலைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு புஸ்தகத்துல போட்டிருக்கு ஐயா. செஞ்சு பாத்தேன். எண்ணெய்ச் சட்டியப் பாறையிலேயே வச்சிட்டுப் போனேன். கொரங்கு கவுத்திட்டு."

அதிகாரியின் முதுகு சிரிப்பில் குலுங்கியது. "புஸ்தகம்லாம் படிப்பீரா?"

"இன்னும் எம்புட்டு நாளைக்கோ? திருநெல்வேலியில ஒரு ஆபீஸரு என் சீட்டக் கிழிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்காராம்."

நான் இருமினேன். அருவிச் சத்தத்தில் என் இருமல் எடுபடவில்லை. அதிகாரி எழ முயன்றார்.

"அசையாதிய ஐயா, நரம்பு பிசகிரும்." அண்ணாச்சி முழங்கையை நடுமுதுகில் ஊன்றினார். "அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. பாவம், அவரு கழுத்துலயும் இப்பிடித்தான் முடிச்சு இருக்கும். இங்கன வந்தா எடுத்து விட்டிருவேன். வரணுமே?"

மத்தியானம் அதிகாரி நூலகத்துக்கு வந்து, குற்றம் சாட்டப்பட்ட புத்தகங்களைக் கேட்டார். ஒரு மணி நேரம் படித்தார். நாலைந்து முறை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாகப் புரட்டினார். கடைசியில் ஒரு பக்கத்தை என் முன் நீட்டி, "இந்தக் கறை புதுசா இருக்கே, யாருடையது?" என்றார்.

"ஐயாவுடையது," என்றேன்.

தன் கட்டைவிரலைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "இது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம். சென்னைக்கு எழுதிக் கேட்போம்," என்றார். ஒன்றைச் செய்யவும் மனமில்லை, செய்யாமல் விடவும் வழியில்லை என்றால் அதற்குப் பெயர் கொள்கை. போகும்போது கோபத்தைப் பற்றிய புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எண்ணெய் படாத பிரதியைக் கொடுத்தேன். அது வேண்டாம் என்றார்.

கடிதம் சென்னைக்குப் போனது. சென்னையில் அது என்ன ஆயிற்று என்று ஆண்டவனுக்கும் தெரியாது. அண்ணாச்சி ஒவ்வொரு முறை வரும்போதும், "பதில் வந்துச்சா சார்?" என்பார். "இன்னும் வரல," என்பேன். உட்கார்ந்து பென்சிலை எடுப்பார். தாசில்தாரும் முதலில் நினைவூட்டல்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. ஒருநாள் யாரோ பக்கத்தில் தாளைப் படபடவென்று புரட்டினார்கள். தாசில்தார் எழுந்திருக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. போகும்போது என் மேஜையருகே நின்று, "முன்னூத்திப் பன்னெண்டுலயே அடங்கிட்டு வே. அந்த ஆள்ட்ட சொல்லும்," என்றார்.

சென்னையின் பதில் வந்தது அறுபதுகளின் நடுவில், ஒரு திங்கட்கிழமை. நான்கு வரிக் கடிதம். விதியில் விலக்கு ஏதும் இல்லை. கடிதம் கிடைத்த தேதியிலிருந்து சம்பந்தப்பட்டவரின் சீட்டு ரத்து. படித்து முடித்து நிமிர்ந்தபோது, ஜன்னலோரம் அண்ணாச்சி ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். புருவம் நெரிந்திருந்தது. ஆசிரியர் சொன்னது ஏதோ சரியாக வரவில்லை போலிருக்கிறது.

"பதில் வந்துச்சா சார்?" என்றார், தலை தூக்காமலே.

"இன்னும் வரல."

அதற்குப் பிறகு நாலு சாரல் அவர் எண்ணெய் தேய்த்தார். ஐந்தாவதில் கை நடுங்க ஆரம்பித்தது. புனலூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து, அப்பாவையும் அம்மாவையும் தன்னோடு அழைத்துப்போக ஏற்பாடு செய்தாள். புறப்படும் நாள் காலையில் அண்ணாச்சி வந்து, கடைசியாக எடுத்த புத்தகத்தையும் சீட்டையும் மேஜையில் வைத்தார்.

"நானே குடுத்திட்டேன் சார். இனி யாரும் புடுங்க வேண்டாம்லா? அந்தப் பதிலு வந்துச்சா?"

"இன்னும் வரல அண்ணாச்சி."

"வராமலா போயிரும்? வந்தா எனக்காக அவுகளுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருங்க, கேட்டதுக்குப் பதில் சொன்னாகளேன்னு."

நூலகத்துக்கு வரும் கடிதம் எதுவானாலும் தபால் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறிய தேதிதான் அது கிடைத்த தேதி. என் சர்வீஸ் முழுவதும் வந்த அன்றே ஏற்றாமல் நான் வைத்திருந்த தபால் ஒன்றே ஒன்று. அந்தப் பதிவேட்டை இன்று யார் எடுத்துப் பார்த்தாலும் என் கையெழுத்தில் தெளிவாக இருக்கும்: சென்னையிலிருந்து பதில் வந்து சேர்ந்தது, அண்ணாச்சி கொல்லம் ரயில் ஏறியதற்கு மறுநாள்.