முனைவர் செந்தமிழ்செல்வனின் செரமைடுத் தொண்டு

மனிதகுலம் இன்றுவரை தோல் கழன்று விழாமல் நடமாடுகிறது என்றால் அதற்குச் செரமைடு என்னும் கொழுப்பே காரணம். அந்தச் செரமைடுக்காகச் சிதம்பரத்திலிருந்து கவலைப்படும் ஒரே மனிதர் முனைவர் செந்தமிழ்செல்வன். தனியார் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் பேராசிரியர். செரமைடைப் பற்றிப் பதினான்கு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். அவற்றை முழுதாகப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவரே. இன்னொருவர் யாரென்று அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்குக் கடலூரிலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய மனைவியின் தம்பி சுப்பராயலு மஞ்சக்குப்பத்தில் அழகுசாதனக் கடை திறக்கிறான்.

"மாமா, இப்ப எல்லா க்ரீம்லயும் உங்க ஐட்டத்ததான் போடறான். அந்த சிரமைடு. நீங்கதான் சீஃப் கெஸ்ட்டு."

"செரமைடு, மச்சான்."

"அதேதான். பேனர் அடிச்சிட்டேன்."

பேனரில் 'சிரமைடு விஞ்ஞானி' என்றே இருந்தது. எழுத்துப்பிழைதான். ஆனால் தன் வாழ்க்கையை இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதியதில்லை என்று செந்தமிழ்செல்வனுக்குத் தோன்றியது. அதன் கீழே நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

கடை முன் போட்டிருந்த முப்பது நாற்காலிகளும் நிறைந்திருந்தன. வகுப்பில்கூட அவர் இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை. உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் வலை மாதிரி ஒரு பட்டறை இருக்கு. செரீன்னு ஒரு அமினோ அமிலம், அதோட ஒரு கொழுப்பு அமிலம். ரெண்டையும் அங்க கோக்குது. அதுமேல இன்னொரு கொழுப்பு அமிலத்தை ஏத்துது. அதுதான் செரமைடு. தோல்ல செல்லுங்க செங்கல்லுன்னா, இது நடுவுல இருக்கற சாந்து. சாந்து போச்சுன்னா செவுரு போச்சு."

கைதட்டினார்கள். அறிஞர்களுக்குக் கைதட்டல் ஆகாது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டியவர், மேலே போனார்.

"ஆனா செல்லுக்கு உள்ள இதே செரமைடு ஜாஸ்தியாச்சுன்னா, இன்சுலின் சொல்றத செல்லு கேக்காது. இன்னும் ஜாஸ்தியானா அந்த செல்லுக்கே சாவு ஓலை அனுப்பிடும்."

சுப்பராயலு மைசூர்பாகு தட்டோடு பாய்ந்து வந்தான். "மாமா, தொறப்பு விழாவுல சாவு வேணாம். ஸ்வீட் எடுத்துக்கோங்க."

ஆறு வருடச் சர்க்கரை நோயாளியான செந்தமிழ்செல்வன், அந்த நெய் தன் செல்களுக்குள் என்னவாக மாறும் என்பதைப் படிப்படியாக அறிந்தவர். ஆகவே ஆய்வு மனப்பான்மையோடு இரண்டு துண்டுகள் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கடைசி வரிசையில் ராசம்மாள் எழுந்தார். அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகளைப் பார்க்க வந்தவர். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கை கறுத்து வெடித்திருந்தது. விரல் நுனிகளில் தோல் உரிந்து பளபளத்தது.

"பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை ஒடைக்கிறேங்க. கொட்டை எண்ணெ பட்டுப் பட்டு உரிஞ்சிக்கினே இருக்குது. நீங்க சொன்ன சாந்து எனக்கு ஊறாதுங்களா? இந்த க்ரீம் போட்டா ஆவுங்களா?"

"தாராளமா ஆவும்மா," என்றான் சுப்பராயலு.

செந்தமிழ்செல்வன் மைசூர்பாகை விழுங்கினார். மச்சானைப் பார்த்தார், அந்தக் கைகளைப் பார்த்தார்.

"ஆவாதும்மா," என்றார். "தெனம் எண்ணெ அரிக்கிற கையில எந்த க்ரீமும் நிக்காது. மொதல்ல கையுறை போடணும்."

பதினான்கு கட்டுரைகளிலும் இல்லாத, பிறருக்குப் பயன்படும் வாக்கியம் ஒன்றை அவர் சொன்னது அன்றுதான். சுப்பராயலுவின் முகம் பார்க்கும்படி இல்லை.

"கையுறை போட்டா வேல ஓடாதுன்னு மொதலாளி குடுக்க மாட்டேங்கறாரு. நீங்க எழுதுனா கேப்பாரு," என்றார் ராசம்மாள். "இதெல்லாம் யாரு கையப் பாத்து கண்டுபுடிச்சீங்க சார்?"

"யார் கையும் இல்லம்மா. ஈஸ்ட்டுன்னு ஒரு நுண்ணுயிர். ரொட்டி மாவு பொங்கறதுக்குப் போடுவாங்க."

"அதுக்குக் கை இருக்குதுங்களா?"

இந்தக் கேள்வியை எந்த ஆய்வு இதழின் மதிப்பீட்டாளரும் அவரிடம் கேட்டதில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் அவருக்குப் புழுங்கியது. மறுநாளே ஒரு திட்டம் எழுதினார். முந்திரி உடைக்கும் நாற்பது பெண்களுக்குக் கையுறை கொடுப்பது, மூன்று மாதம் கழித்துத் தோல் தேறுகிறதா என்று பார்ப்பது, முடிவைக் கொண்டுபோய் முதலாளிகளின் முன் வைப்பது. அவ்வளவுதான்.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் கல்லூரியின் அறநெறிக் குழு இதற்காக இரண்டு முறை கூடியது. முதல் கூட்டத்தில், கையுறை கொடுப்பது பங்கேற்பாளர்களுக்கு 'ஆசை காட்டுதல்' ஆகுமா என்று ஆழ்ந்து விவாதித்தார்கள். இரண்டாம் கூட்டத்தில், ஆகாது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, ஒப்புதல் படிவத்தில் ஒவ்வொருவரின் இடது கைப் பெருவிரல் ரேகையும் 'தெளிவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும்' இருக்க வேண்டும் என்ற விதியை நினைவூட்டினார்கள்.

செந்தமிழ்செல்வன் தானே படிவங்களோடு ராசம்மாள் முந்திரி உடைக்கும் கொட்டகைக்குப் போனார். ராசம்மாள் முதல் ஆளாக வந்து மையில் விரலை ஒற்றி, தாளில் வைத்து அழுத்தினார். நீலமாக ஒரு திட்டு விழுந்தது. ஒரு கோடுகூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் திட்டு. அவருக்குப் பின்னால் வந்த முப்பத்தொன்பது பேருக்கும் அதே திட்டுதான்.

குழு விதிப்படி நடந்துகொண்டது. 'பங்கேற்பாளர்களின் அடையாளம் உறுதிப்படவில்லை. திட்டம் நிராகரிக்கப்படுகிறது.' ரேகை விதியை எட்டு வருடத்துக்கு முன் எழுதி, அதற்காகப் பொன்னாடையும் போர்த்தப்பட்டவர் குழுவின் செயலாளர். நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. அவர் பெயர் முனைவர் செந்தமிழ்செல்வன். கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

சொல்லிவிட்டு வருவதுதான் முறை என்று கடிதத்தோடு பண்ருட்டிக்குப் போனார். ராசம்மாள் கொட்டை உடைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"ரேஷன் கடை மிஷினும் இதயேதான் சொல்லுது சார்," என்றார். "அது மிஷினு, அதுக்குத் தெரியல. நீங்க என் கையக் கண்ணால பாத்தீங்களே?"