கடலுக்குப் போட்ட நாற்காலி

கடலுக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன அரசாங்கம் உலக வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான். அது ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் மாவட்டக் கவுன்சில். கடலில் கப்பல் விட்டவர்கள் உண்டு, அணை கட்டியவர்கள் உண்டு. கடலுக்கு மரியாதை கொடுத்தவர்கள் நாங்கள் மட்டுமே.

எங்கள் மாவட்டம் முழுக்கக் கடற்கரை. நிலம் விரல் விரலாகத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே தெரிகிற ஊருக்குப் போக அரை நாள் சுற்ற வேண்டும். இப்படிப்பட்ட மாவட்டத்தின் தலைமை அலுவலகம், கடற்பறவைகூட எட்டிப் பார்க்காத உள்நாட்டு ஊர் ஒன்றில் இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டே கடலைப் பற்றி முடிவெடுத்தால் 'நடுநிலை' கெட்டுவிடும் அல்லவா?

என் தாத்தா மேக்னஸ் மோவாட், எங்கள் ஸ்கெர்ராவிக் ஊரின் கடைசி நகரத் தலைவர். பதவிச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மீன் ஏலத்துக்கே போனவர். அவருக்குப் பிறகுதான் எங்கள் நகரமன்றத்தைக் கலைத்து அந்த உள்நாட்டு ஊரின் கையில் கொடுத்தார்கள். துறைமுகம் எப்போதும் தம் பார்வையில் இருக்க வேண்டும் என்று, தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் பாறை விளிம்போரமாகத் தமக்கு இடம் குறித்துவைத்து, அங்கேயே அடக்கமானார். கடல் பாறையைத் தின்றுகொண்டே வந்தது. சென்ற குளிர்காலம் முடிந்தபோது, அவர் காலடிக்கும் அந்தரத்துக்கும் நடுவே ஒரு சாப்பாட்டு மேசையின் அகலம்தான் மிச்சம். தடுப்புச் சுவர் வேண்டும் என்று கவுன்சிலைக் கேட்டேன்.

சுவருக்குப் பதில் மோரக் டுல்லாக் அம்மையார் வந்தார். 'கடலோர மாற்றத் தகவமைப்பு அதிகாரி'. சுவர் கட்டுவது பழைய சிந்தனையாம். புதிய சிந்தனையின் பெயர் 'முறைப்படுத்தப்பட்ட பின்வாங்கல்': கடல் வர வர நாம் நகர்ந்துகொள்வது. மோவாட் குடும்பத்தில் அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இல்லை என்று தெரிவித்தேன். அதையும் ஒரு மஞ்சள் தாளில் எழுதித் தேவாலய மண்டபச் சுவரில் ஒட்டினார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஊரார் நாங்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். தேநீரும் வெண்ணெய் பிஸ்கட்டும் வந்தன. ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதன் முதுகில் 'கடல்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"கடலும் ஒரு பங்குதாரர்தான், மோவாட் சார். அதோட கருத்தையும் நாம மதிக்கணும்."

"அது வந்து கருத்து சொல்லுமா?"

"சொல்லலைன்னா ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்குவோம். எல்லாருக்கும் அதே விதிதான்."

அன்றைய கூட்டக் குறிப்பில், பின்வாங்கும் திட்டத்துக்குக் கடல் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை என்று பதிவாயிற்று.

நாலு எட்டில் கல்லறை, வந்து பாருங்கள் என்று அவரை அழைத்தேன். வர இயலாதாம். அந்த இடம் ஆபத்தானது என்று 'இடர் மதிப்பீடு' சொல்கிறது. ஆகவே அதிகாரிகள் அங்கே கால் வைக்கக் கூடாது. ஊழியர்மேல் என்ன கரிசனம்! அந்தக் கரிசனம் எனக்கும் கிடைக்க வேண்டும் என்று மறுவாரமே வேலி போட்டார்கள். அன்றிலிருந்து தாத்தாவை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன்.

வேண்டுமானால் தாத்தாவை மேட்டிலுள்ள புதிய கல்லறைத் தோட்டத்துக்குக் கவுன்சிலே மாற்றித் தரும் என்றார்கள். எங்கள் ஊரின் இன்னொரு பழைய குடும்பமான கன் வீட்டார் தங்கள் முன்னோரை ஏற்கெனவே மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள். என் தங்கை ஜெசி, சம்மதம் சொல்லிவிடு என்று நச்சரித்தாள்.

"கன் வீட்டுக்காரன் ஓடின வழியில நாமளும் ஓடுறதா? தாத்தா பின்வாங்க மாட்டார்."

"அவருக்கென்ன, படுத்திருக்கார். நீதான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு வீரம் பேசுற."

ஜனவரிப் புயல் உச்சக் கடலேற்றத்தோடு வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் வேலி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. கவுன்சில் சொத்துக்குச் சேதமில்லை என்று பிறகு அறிக்கை வந்தது.

ஜெசி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ சொன்ன மாதிரியே ஆச்சு அண்ணா. தாத்தா பின்வாங்கல."

நான் தொப்பியைக் கழற்றினேன்.

அடுத்த மாதம் 'மறுஆய்வுக் கூட்டம்'. அதே மண்டபம், அதே பிஸ்கட், அதே காலி நாற்காலி. நான் நேரே போய் அதில் உட்கார்ந்தேன்.

"சார், அது கடலோட இடம்."

"தெரியும்மா. எங்க தாத்தா இப்ப கடல் வீட்டுலதான் இருக்கார். ஒரே குடும்பமாயிட்டோம். அது சார்பாப் பேச நான் வந்திருக்கேன்."

டுல்லாக் அம்மையார் கடமை தவறாதவர். பேனாவைத் திறந்து, கடலின் கருத்து என்ன என்று முறைப்படி கேட்டார்.

"இந்த விஷயத்துல முடிவு பண்ணவங்கள்ல கல்லறைய நேர்ல வந்து பார்த்தது தன்னைத் தவிர வேற யாரும் இல்லைன்னு சொல்லுது. அடுத்தது உங்க ஆபீசையும் வந்து பார்க்கணுமாம். வழி கேக்குது."

அவர் எழுதிக்கொண்டார். மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கவுன்சில் விதிப்படி, யாருக்கும் ஆட்சேபணை இல்லை.