எரியாத நிலையில் பராமரிக்கப்படும் விளக்குகள்

நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவு என்று ஒன்று உண்டு. தெருவிளக்குகளைப் பார்த்து யாரும் அதை ஊகித்துவிட முடியாது என்பதால் வாசலில் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பிரிவின் உதவிப் பொறியாளர் நல்ல மனிதர். எந்தக் கோப்பையும் அவர் தொலைத்ததில்லை, நகர்த்தியதும் இல்லை. புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் கடைசிவரை கேட்டுவிட்டு “நன்றி” என்று சொல்லித்தான் வைப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டில் நிம்மதி இல்லை. அவர் குடியிருந்த தெருவில் கம்பங்கள் இருந்தன, கம்பங்களில் விளக்குகளும் இருந்தன, ஆனால் நட்ட நாளிலிருந்து ஒன்றுகூட எரிந்ததில்லை. அவர் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தார். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். ஒருநாள் வாசலுக்குப் பக்கத்திலேயே, மூடி இல்லாத சாக்கடையில் கால் வைத்து விழுந்துவிட்டார்.

“ஊருக்கெல்லாம் வெளக்குப் போடற ஆபீசரோட பொண்டாட்டி சாக்கடையில விழுந்தா!” என்றார், கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு. “டாக்டர் சிரிச்சுக்கிட்டே கட்டுப் போட்டார். எனக்கு அந்த வலிதான் பெரிசா இருந்தது.”

“ஃபைல் போட்டிருக்கேன்மா.”

“அந்த ஃபைலைக் கொளுத்தி வெச்சாலாவது கொஞ்சம் வெளிச்சம் வரும். இதோ பாருங்க, ஒரே ஒரு வெளக்கு. நம்ம வாசல்ல. இன்னொரு தடவ நான் விழுந்தேன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அங்கேருந்து நீங்க வந்துதான் கூட்டிட்டு வரணும்.”

மச்சான் வீட்டுக்குப் போய் மனைவியை அழைத்து வருவது என்றால் என்னவென்று இன்ஜினியருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருமுறை போயிருக்கிறார். மச்சான் காபி கொடுத்து, முதுகில் தட்டி, “என்ன மாப்ளே, ஊரை எப்பப் பிரகாசமாக்கப் போறீங்க?” என்று கேட்டு, தெருவே கேட்கும்படி சிரித்தார். அதை மறுபடி கேட்க அவர் தயாராக இல்லை. கட்டுப் பிரித்து மனைவி வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் சாயங்காலம் டார்ச் லைட்டோடு தெருமுனையில் போய் நின்றார். பகலில், பணியில் சேர்ந்த பிறகு முதல்முறையாக, ஒரு கோப்பைக் கையோடு தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலைந்தார். கோப்பு ஆணையர் மேஜைவரை போய்விட்டது. ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

கூப்பிட்டவர் ஊரிலேயே உயரமான அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சித் தளத்தில் குடியிருந்த உள்அலங்கார நிபுணர். “சார், மாடியிலேருந்து பாத்தா ஊரே ஜொலிக்குது. நடுவுல ஒரு எடம் மட்டும் பல்லு விழுந்த மாதிரி கருப்பா கெடக்கு. விருந்தாளிங்க வந்தா மானம் போகுது. என்ன பண்றீங்க நீங்கல்லாம்?”

அந்தக் கருப்பு தன் தெருதான் என்பது இன்ஜினியருக்குப் புரிந்தது. ஆனாலும் வாய் தன் பழக்கத்தை விடவில்லை. “ஐயா, எரியும் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. எரியாத விளக்குகள் எரியாத நிலையிலேயே தொடர்ந்து பராமரிக்கப்பட்டு வருகின்றன. இவ்விரண்டுக்குமிடையே எவ்விதப் பாகுபாடும் காட்டப்படுவதில்லை என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்ளலாகிறது.”

இதற்குப் பிறகு வழக்கமாகத் திட்டு வரும். இன்ஜினியர் காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். ஆனால் எதிர்முனையில் சத்தமே இல்லை.

“சார், இருக்கீங்களா?”

“இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றார் நிபுணர்.

இன்ஜினியர் இன்னொரு தடவை சொன்னார். எதிர்முனையில் விசும்பல் கேட்டது. “வீடு வீடா அலங்காரம் பண்ணேன், மனசு இருட்டாவே இருந்தது. இப்பப் புரியுது. எரியறது எரியுது. எரியாதது எரியாமலே இருக்கு. ரெண்டும் ஒண்ணு. நீங்க யாரு சுவாமி?”

“உதவிப் பொறியாளர். கூடுதல் பொறுப்பு,” என்றார் இன்ஜினியர்.

நகரொளி மார்க்கம் பிறந்த கதை இதுதான். உள்அலங்கார நிபுணர் மறுநாளே சாம்பல் நிற அங்கி தைத்து, அதில் சின்னச் சின்ன ஜிகினா பதித்து, ‘மேல்மாடியார்’ என்று பெயர் மாற்றிக்கொண்டார். சூரியன் ஒன்றுதான், அதையும் யாரும் நேராகப் பார்க்க முடியாது. நகரத்தின் விளக்குகளோ கோடி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆகவே எது பெரிய கடவுள் என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வி கேட்கிறவரை ஞானி என்று சொல்லும் வழக்கம் அந்த ஊரிலும் இருந்தது.

மார்க்கம் காட்டுத்தீயாய்ப் பரவியது. சாயங்காலமானால் நல்ல குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஜிகினா அங்கி மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் கூடி, “எரிவது எரிக! எரியாதது எரியாதிருக்க!” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, செல்போனில் படம் எடுத்தார்கள். உயரம் கூடக் கூட அருளும் கூடும் என்பதால், முன்பு “சௌக்கியமா?” என்று விசாரித்துக்கொண்டவர்கள் இப்போது “எத்தனையாவது மாடி?” என்று விசாரித்துக்கொண்டார்கள். தரைத்தளத்தில் இருந்தவர்கள் முற்பிறவியில் என்ன பாவம் செய்தார்களோ என்று வருந்தினார்கள். சிலர் பரிகாரமாக நாள் முழுக்க லிஃப்டில் ஏறி இறங்கினார்கள். போக்குவரத்து சிக்னலில் சிவப்பு விழுந்தால் பக்தர்கள் வண்டியை விட்டு இறங்கிக் கும்பிட்டார்கள். பச்சை விழுந்தால் அது ஆசீர்வாதம் என்று இன்னும் கொஞ்ச நேரம் கும்பிட்டார்கள். அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதற்கு இவ்வளவு கௌரவமான காரணம் அதுவரை கிடைத்ததில்லை என்பதால் குமாஸ்தாக்களும் பெருமளவில் சேர்ந்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் புனிதமானது நடுவிலிருந்த அந்தக் கருப்புத் திட்டுதான். ஊரே ஒளியாய்ப் பேசிக்கொண்டிருக்க, அது ஒன்று மட்டும் வாய் திறக்காமல் இருக்கிறதே! அதற்கு ‘மௌனம்’ என்று பெயர் வைத்தார்கள். மௌனம் தெரியும்படியான வீடுகளுக்கு விளம்பரமும் விலையும் ஏறின.

ஆணையர் இன்ஜினியரைக் கூப்பிட்டனுப்பினார். ஆணையரின் சட்டைக் காலருக்குள் ஜிகினா மின்னியது.

“உங்க தெருவுக்கு வெளக்குன்னு ஒரு ஃபைல் வந்திருக்கு.”

“ஆமா சார். என் மனைவி சாக்கடையில...”

“கேள்விப்பட்டேன். குடுத்து வெச்சவங்க. மௌனத்துக்குள்ளேயே விழுந்திருக்காங்க.” ஆணையர் கோப்பை மூடினார். “முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை புகார் வரும்?”

“எண்ணறதில்ல சார்.”

“இப்ப?”

“ஒண்ணும் வரல சார். எரியாத வெளக்கைப் பாத்தா ஜனங்க கும்பிட்டுட்டுப் போயிடறாங்க.”

“அப்பறம்? பணியில சேந்த நாள்லேருந்து நாம எதுக்காகப் பாடுபட்டோம்? புகாரே இல்லாத நகராட்சி. அது தானா வந்திருக்கு. நீங்க போயி ஒரு பல்பைப் போட்டுக் கெடுக்கறேங்கறீங்க.”

“சார், அந்த மந்திரமே நான் போன்ல சொன்னதுதான்.”

ஆணையர் இரக்கத்தோடு சிரித்தார். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன வாரம் குடிநீர்ப் பிரிவுலேருந்து ஒருத்தர் வந்து அழுதார். அது அசரீரி, தம்பி.”

அன்று மாலையே ஆணை வந்தது. மேற்படி தெருவில் நிலவிவரும் இருளை அதன் தொன்மை குன்றாமல் பாதுகாக்கும்பொருட்டு, உதவிப் பொறியாளர் அவர்கள் ‘இருள் பாதுகாப்பு அலுவலர்’ என்ற கூடுதல் பொறுப்பையும் வகிப்பார். கூடுதல் ஊதியம் இல்லை.

வீட்டில் மனைவி அதைப் படித்தார். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசு தட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இருளைப் பராமரிக்க ஒப்பந்தம் விட்டார்கள். இத்தனை காலம் விளக்குகளைப் பராமரித்த அதே ஒப்பந்தக்காரருக்குத்தான் கிடைத்தது. முன்அனுபவம் அவருக்குத்தானே இருந்தது! ஆனால் அவர் குழப்பத்தோடு வந்து நின்றார்.

“சார், வெளக்கு எரியாம இருக்கறதுக்கு நாங்க என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

“அதைத்தான் சார் இவ்வளவு நாளும் பண்ணோம். ஆனா அப்ப ‘பழுது பாத்தோம்’னு பில் போட்டோம். இப்ப ‘ஒண்ணும் பண்ணல’ன்னு பில் போட்டா கணக்குப் பிரிவுல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஏதாவது வேலை நடந்ததாக் காட்டணுமாம்.”

“சரி, கம்பத்துப் பெட்டியைத் திறந்து, ஒயரைக் கழட்டி, தொடச்சு, திரும்ப மாட்டுங்க. மாசம் ஒரு தடவ.”

நட்ட நாளிலிருந்து யாரும் திறக்காத பெட்டிகளை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் திறந்தார்கள். ஒயர்களைக் கழற்றினார்கள், துடைத்தார்கள், மாட்டினார்கள். விளக்கு எரிய வேண்டும் என்று அவர்கள் பாடுபட்ட காலத்தில் ஒரு விளக்கும் எரிந்ததில்லை. எரியக் கூடாது என்று பாடுபட்ட முதல் மாதத்திலேயே ஒன்று எரிந்துவிட்டது. அதுவும் சரியாக இன்ஜினியர் வீட்டு வாசலில்.

டார்ச் லைட்டோடு தெருமுனையில் நின்ற இன்ஜினியர் முதலில் தீப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தார். அப்போதுதான் ஆட்டோவை விட்டு இறங்கிய மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“ஏங்க... எரியுதுங்க!”

“ஆமாம்மா.”

“எனக்காகவா?”

நேர்மையான மனிதர்தான். ஆனாலும் அந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல எந்தக் கணவனுக்கு மனம் வரும்? தலையை லேசாக ஆட்டி வைத்தார். மனைவி, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, தெருவில் வைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் டார்ச்சை அணைத்துவிட்டு ராஜநடை நடந்து வாசலுக்கு வந்தார்கள்.

செல்போன் அடித்தது. ஆணையர்.

“யோவ், மௌனம் பேசுதுய்யா! மேல்மாடியார் மயக்கம் போட்டு விழுந்துட்டார். ஊர் பூரா மாடியில நின்னு அழுதுக்கிட்டிருக்கு. ஒடனே அணை!”

இன்ஜினியர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் அது அழகாக இருந்தது. பணிக்காலத்திலேயே சொல்லாத ஒன்றை அவர் அப்போது சொன்னார்.

“முடியாது சார்.”

“என்ன?”

“எரிவது எரிக சார்,” என்று சொல்லி வைத்துவிட்டார். வேலை போனாலும் போகட்டும், நாளைக்கே மச்சானை விருந்துக்குக் கூப்பிட்டு இந்த வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தார்.

அதற்குள் அக்கம்பக்கத்தினர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். விளக்குக்காக வருஷக்கணக்கில் மனுப் போட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தார். இஸ்திரிக்காரர் வந்தார். தையல்காரர் குடும்பத்தோடு வந்தார். எல்லோரும் மேலே விளக்கைப் பார்த்து வாய் பிளந்தார்கள். பிறகு, வெளிச்சம் வந்தால் மனிதர் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். கீழே பார்த்தார்கள்.

தெரு நீளத்துக்குச் சாக்கடை திறந்து கிடந்தது. ஒரு மூடிகூட இல்லை. போட்ட மூடியெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. தலைமையாசிரியர் வீட்டு வாசற்படி மூன்றும் சாக்கடை மூடிகள். இஸ்திரிக்காரரின் மேஜை நின்றதும் இரண்டு மூடிகளின் மேல்தான். தையல்காரர் வீட்டுத் துணி துவைக்கும் கல், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேடை... எல்லாவற்றிலும் ‘நகராட்சி’ என்று சிமெண்டில் பதித்த எழுத்து, கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிந்தது. எல்லோரும் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாக இன்ஜினியர் வாசலைப் பார்த்தார்கள்.

இன்ஜினியரும் குனிந்து பார்த்தார். ஸ்கூட்டர் ஏற்றுவதற்கு அவர் வீட்டு வாசலில் ஒரு சரிவு இருந்தது. நல்ல கனமான, உறுதியான சிமெண்ட் பலகை. தினமும் அதன் மேல்தான் வண்டி ஏற்றுவார். அதில் ‘நகராட்சி’ என்று இருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி, அந்தப் பலகை மூடியிருக்க வேண்டிய இடத்தில், மனைவி விழுந்த பள்ளம் இருந்தது.

“இது எப்ப வந்தது?” என்று கிசுகிசுத்தார்.

“நீங்கதானே வண்டி ஏற முட்டுதுன்னு சொன்னீங்க,” என்றார் மனைவி, உதடு அசையாமல். “கொத்தனார் ராத்திரி எடுத்துப் போட்டார். எல்லாரும் எடுத்தாங்க. இருட்டுல எது எந்த எடத்துலேருந்து எடுத்ததுன்னு எனக்கு என்ன தெரியும்?”

“அதுலதானே நீ விழுந்தே!”

“மெதுவாப் பேசுங்க!”

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இன்ஜினியர் சார், நாங்கல்லாம் யோசிச்சோம். ஊரோட நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு. நம்ம சௌகரியத்துக்காக அத்தனை பேர் மனசையும் புண்படுத்தலாமா?”

“கூடாதுங்க,” என்றார் இஸ்திரிக்காரர்.

“பாவம்,” என்றார் தையல்காரர் மனைவி.

இன்ஜினியர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவர் சட்டைப்பையிலிருந்த செல்போனை எடுத்து அவர் கையில் திணித்தார். “ஆணையருக்குப் போன் பண்ணுங்க. அணைச்சிடறேன்னு சொல்லுங்க. சீக்கிரம், எதிர்ல யாரோ வண்டியில வராங்க.”

இன்ஜினியர் போய்க் கம்பத்துப் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினார். ஒரு புகாரின்மேல் உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது அந்தப் பிரிவின் வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை. தெரு இருண்டது. எல்லா வாசல்களிலிருந்தும் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. யாரோ முதலில் மெல்லத் தொடங்க, பிறகு தெருவே கைகூப்பி, “எரிவது எரிக! எரியாதது எரியாதிருக்க!” என்று மனமுருகிச் சொன்னது. எல்லாக் குரலையும் மீறி இன்ஜினியர் குரல் கேட்டது.