செல்வினின் கால்

பதினொரு மணிக்குச் சவப்பெட்டி கிளம்ப வேண்டும். பத்தேகாலுக்கு ஹெட்லி, செத்துப்போன சிநேகிதன் செல்வினின் கொட்டகையில், ஒரு பழைய சைக்கிள் முன்னால் மண்டியிட்டு வேர்த்துக்கொண்டிருந்தார். வெளியே யார்க்‌ஷயர் மழை, நோவா காலத்து மிச்சத்தையும் சேர்த்துக் கொட்டியது.

"பெட்டி பக்கத்துல இந்த சைக்கிளை நிறுத்தணும்னு செல்வினோட கடைசி ஆசை. தொடச்சு எடுத்துட்டு வந்துடு, ஹெட்லி," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் மேவிஸ், செல்வினின் மனைவி.

பதினாறு வயதில் இருவரும் சேர்ந்து கட்டிய சைக்கிள். சட்டம் கசாப்புக் கடை டெலிவரி சைக்கிளுடையது, ஹேண்டில்பார் மோட்டார் சைக்கிளுடையது, டயரைப் பார்த்தால் டிராக்டருக்கே பொறாமை வரும். மலைச்சரிவில் பாய்ந்து இறங்குவதற்கென்றே செய்தது. முன் ஃபோர்க்கைப் பித்தளை வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஹெட்லியின் அப்பா பிளம்பர். வீட்டில் ஈயம்தான் இருந்தது. செல்வினிடம் சொல்லாமல் ஹெட்லி ஈயத்தாலேயே ஒட்டிவிட்டார்.

முதல் இறக்கத்திலேயே ஒரு பக்கம் கழன்றது. செல்வின் ஒரு கல்மதிலையும் மூன்று ஆடுகளையும் தாண்டிப் போய் விழுந்தார்.

"கல்லு தடுக்கிருச்சுடா," என்றார் ஹெட்லி.

அந்தப் பொய்க்கு ஐம்பது வயதாகிறது. அன்று முதல் செல்வின் நொண்டினார். கோடையில் இடது கால், குளிரில் வலது கால். "ஈரக்காத்துடா, வலி இடம் மாறுது," என்பார். ஹெட்லிக்கு நெஞ்சு அறுந்துபோகும். வியாழக்கிழமை தோறும் மதியம் வந்து புல் வெட்டினார், நிலக்கரி சுமந்தார், கூரை ஏறினார். வியாழனன்று வந்துவிட்ட தன் கல்யாணத்தையே வெள்ளிக்குத் தள்ளிவைத்தார்.

இப்போது அந்த ஈயம் சாம்பல் நிறத்தில் பல்லிளித்தது. ஊரில் பாதிக் கிழவர்கள் இப்படி சைக்கிள் கட்டியவர்கள். ஒரு பார்வை போதும், குட்டு உடைந்துவிடும்.

கறுப்பு பெயிண்ட் அடித்தார். மழை ஈரத்தில் காயவில்லை. பற்றவைக்கிற ஊதுவிளக்கை ஏற்றி அதன் தீயைக் காட்டினார். பெயிண்ட் தீப்பிடித்தது. ஈயம் உருகி, மிச்சமிருந்த பக்கமும் கழன்றது. எரிகிற சக்கரம் உருண்டுபோய், மழைக்குப் பயந்து உள்ளே வைத்திருந்த பூவளையத்துக்கும் தீயைக் கொடுத்தது. கோட்டைக் கழற்றி அமுக்கினார். துக்கத்துக்கென்று வைத்திருந்த ஒரே கோட்டும் போயிற்று.

கதவு திறந்தது. மேவிஸ். அவள் பின்னால், தன் பூவளையத்தை எடுத்துப்போக வந்த சைக்கிள் கடை கேவின்.

"அட பாவி! சாவு வீட்டுல என்ன வேலை பண்ணி வெச்சிருக்க?" என்றாள் மேவிஸ்.

ஹெட்லி கருகிய கோட்டைக் கீழே போட்டார். "கல்லு இல்ல மேவிஸ்... நான்தான். ஈயம் வெச்சு ஒட்டினது நான். அம்பது வருஷம் உன் புருஷனை நொண்டியா வெச்சிருந்தது நான். அவன்கிட்டச் சொல்லாமலே அனுப்பிட்டேனே!"

மேவிஸ் ஜன்னல் வழியே, சீராக வெட்டியிருந்த புல்லைப் பார்த்தாள்.

கேவின் கருகிய பூவளையத்தோடு விழித்தார்.

"நொண்டியா? நம்ம செல்வினா? வியாழக்கிழமை காலையில சைக்கிள்ல மலை ஏத்தத்துல எங்க எல்லாரையும் முந்துவாருங்க. உச்சியில நின்னு ஒரு டீ கூடக் குடிக்க மாட்டாரு. 'ரெண்டு மணிக்குப் புல்லு வெட்ட ஆள் வந்துடும், அதுக்குள்ள போய் நொண்டணும்'பாரு."