வாயிற்காவலன் காதலை நிறுவிய படலம்

வாழ்க எம் தலைவன்! செம்மெழுகு உருக்கும் செங்கையன், பொய்ப்பல் நிரைக்கும் பொறுமையன், முகமறியா முதியோர்க்கெல்லாம் புன்னகை செய்து கொடுத்துவிட்டுத் தான் மட்டும் சிரிக்கக் கூச்சப்படும் சீலன், முன்வழுக்கையும் மூக்குக்கண்ணாடியுமே முடியும் கவசமுமாய்ப் பூண்ட பெருமான் வாழ்க, வாழ்க! கவிதைத் தெய்வமே, முன்னோர்க்கெல்லாம் யானைப்படையும் தேர்ப்படையும் அள்ளி வழங்கிய நீ, எனக்கு மட்டும் ஒரு பல்கட்டும் பட்டறையையும் ஒரு மத்தியான வாக்குவாதத்தையும் ஒதுக்கினாய். போகட்டும், கிடைத்ததை வைத்துக்கொண்டு பாடுகிறேன். யாரும் பாதியில் எழுந்து போகாமல் காப்பாயாக.

போர்க்களம் இரண்டாம் மாடியில், நீள்மேசையொன்றின் இருமருங்கும் விரிந்து கிடந்தது. சுவரலமாரிகளில் ஊர்பேர் தெரியாதோரின் பிளாஸ்டர் தாடைகள் அணியணியாய் வாய்பிளந்து நிற்க, தேய்க்கும் சக்கரம் கிளப்பிய வெண்தூசி படைநடந்த புழுதியெனப் பரந்து சாப்பாட்டு டப்பாக்களின்மேல் படிய, மேசையின் இப்புறம் எம் தலைவன் வீற்றிருந்தான். அப்புறம், வெள்ளைக்கை என்று பட்டறையே பெயர் சூட்டிய வீராங்கனை. அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்ப்பது அவள் தொழில். அவள் வார்த்த தாடையில் மெழுகு வைத்துப் பல் நிறுத்துவது அவன் தொழில். அவள் முடித்த இடத்தில்தான் அவன் தொடங்க வேண்டும். அதைத் தவிர வேறெதையும் அவன் வாழ்க்கையில் தொடங்கியதாகத் தகவல் இல்லை.

போருக்குக் காரணம் மண்ணாசையோ பொன்னாசையோ அன்று. ‘சாம்பல் கோட்டை’ என்னும் மாயாஜாலத் தொடர். அதிலே சிறகு முளைத்த குதிரையேறி வானளக்கும் பறவையரசி ஒருத்தி. அவளது கோட்டைக் கதவை இழுத்துத் திறப்பதும் இழுத்து மூடுவதுமே பிறவிப்பயனாகக் கொண்ட வாயிற்காவலன் ஒருவன். இவ்விருவருக்கும் காதல் என்று கதை எழுதியவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆயினும் கடல்சூழ் உலகத்து ரசிகப் பெரும்படை, இருவரையும் சேர்த்துப் படம் வரைந்தும், பாட்டு ஒட்டி வீடியோ வெட்டியும், மறுப்போர்மேல் வசைமாரி பொழிந்தும் கல்யாணத்தையே முடித்துவிட்டது. அப்படையின் கடைக்கோடிக் காலாள் எம் தலைவன். காதோரம் நரைத்த வயதில் அவ்விருவர் படத்தைக் கைப்பேசி முகப்பில் வைத்திருந்தான்; யாராவது பக்கத்தில் வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

வெள்ளைக்கையோ எதிரணி. டப்பாவைத் திறந்த கையோடு சங்கு முழக்கினாள்:

“மொத்தத் தொடர்லயும் அவன் பேசினதே ‘திறந்தாச்சு அரசி’, ‘மூடியாச்சு அரசி’ ரெண்டுதான். இதுக்குப் பேர் லவ்வா? அப்படிப் பார்த்தா எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்கூடத்தான் என்னை லவ் பண்ணுது.”

பக்கத்தில் உண்டுகொண்டிருந்த, முடித்த பற்களுக்கு மெருகேற்றும் பாலிஷ்காரர், நடுநிலை தவறாத அந்த நல்லவர், புரையேறும்வரை சிரித்தார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எம் தலைவனுக்கு வெள்ளைக்கைமேல் உயிர். வருஷக்கணக்காக உயிர். அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு மட்டும் பிறக்கவேயில்லை. ஆகவே அவன் ஒரு திட்டம் வகுத்திருந்தான்: வாயே திறக்காத காவலன்மேலும் ஒருத்திக்கு அன்பு வரும் என்று இவள் நம்பிவிட்டால் போதும், தானும் வாய் திறக்க வேண்டியதில்லை. காவலன் ஜெயித்தால் தானும் ஜெயித்தமாதிரி. இவ்வளவு பெரிய மனக்கோட்டையை ஒரு டிவித் தொடரின்மேல் கட்டிய மேதை இப்பூவுலகில் வேறொருவர் உண்டோ, யாம் அறியோம்.

எழுந்தான் தலைவன். ஒரு மேல்தாடையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலின் உச்சியில் ஏற்றி அரசியாக்கினான். ஒரு கீழ்த்தாடையை அடியில் நிறுத்திக் காவலனாக்கினான். பிரகடனம் செய்தான்:

“முற்றுகை நடக்குது. எல்லாரும் குதிரையோட சிறகைப் பார்க்கிறாங்க. இவன் மட்டும் அவ செருப்பு நனைஞ்சிருக்கான்னு பார்க்கிறான்! அவ தூக்கம் கெடக்கூடாதுன்னு கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுறான்!”

“எண்ணெய் போடுறது அவன் டியூட்டி,” என்றாள் வெள்ளைக்கை, மென்றுகொண்டே. “அதுக்குத்தானே சம்பளம் வாங்குறான்?”

சொல்லம்பு கேடயத்தைப் பிளந்தது. தலைவன் நிலைகுலைந்தான்; நிலைகுலைந்தவன் வழக்கம்போல் வேலைக்குள் ஒளிந்தான். செம்மெழுகை வாட்டி, பற்களைப் பொறுக்கி, வீராவேசத்தோடு வரிசையில் நட்டுக்கொண்டே அடுத்த ஆயுதத்தைத் தேடினான்.

“ஹலோ, முன்பல் இடத்துல கோரைப்பல்லை வைக்கிறீங்க,” என்றாள் அவள். “ஒரு பாட்டியம்மா பேரன் கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போகப்போறாங்க. ஊரே பயந்து ஓடும்.”

பாலிஷ்காரர் மறுபடி சிரித்துவிட்டு, டப்பாவைக் கழுவ எழுந்து போனார். மானம் காற்றில் பறக்க, கோரைப்பல்லைப் பிடுங்கிய அக்கணத்தில், தலைவன் கையில் கடைசி ஆயுதம் வந்து விழுந்தது. எறிந்தான்:

“அந்த நாட்டு வழக்கம் என்ன? தளபதியிலேர்ந்து சமையல்காரன் வரைக்கும் எல்லாரையும் ராணி ‘சகோதரா’ன்னுதான் கூப்பிடுவா. இவனை மட்டும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏன்னு யோசிச்சீங்களா?”

அவள் கரண்டி பாதி வழியில் நின்றது.

“அட, ஆமால்ல,” என்றாள். “சரி, ஒத்துக்கிறேன். நம்புறமாதிரிதான் இருக்கு.”

முரசு அதிர்ந்தது! கொடி பறந்தது! அலமாரித் தாடைகள் யாவும் ஒருசேரச் சிரிப்பதாகத் தோன்ற, தலைவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உலகாளும் வேந்தர்க்கும் வாய்க்காத வெற்றிப் பெருமிதத்தில் திளைத்திருக்கையில், வெள்ளைக்கை டப்பாவை மூடினாள். மூடிவிட்டு, கைத்தூசியைத் தட்டியபடி, குனிந்த தலையோடு மெல்லக் கேட்டாள்:

“இங்க முதலாளியம்மாவைத் தவிர எல்லாருமே உங்களை அண்ணா அண்ணான்னுதான் கூப்பிடுறாங்க. நான் இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கேனா? அதைக் கவனிச்சிருக்கீங்களா?”

கவனித்திருந்தானா என்றா கேட்டாள்! அவள் ‘ஹலோ’ என்றதையும் ‘இந்தாங்க’ என்றதையும் ‘ஏங்க’ என்று தொடங்கிப் பாதியில் விழுங்கியதையும் நெஞ்சில் பூட்டி வைத்து, பஸ்ஸிலும் படுக்கையிலும் எடுத்து எடுத்துப் பார்த்தவன் அவன். சொல்லவேண்டியதோ ‘கவனிச்சேன்’ என்ற ஒரே சொல். அச்சொல் அடிவயிற்றில் கருக்கொண்டு, மார்பேறி, தொண்டை கடந்து, நாக்கின் நுனிமட்டும் வெற்றிநடை போட்டு வந்து, பற்களாகிய கோட்டைவாயிலை அடைந்து, திற திற என்று முட்டி மோதி நிற்க, பிறர்வாய்க்கெல்லாம் பல் சமைத்த அப்பேராற்றலாளன், தன்வாயின் தாழைத் திறக்கமாட்டாமல் காதுவரை சிவந்து, கோரைப்பல்லை விரலிடுக்கில் உருட்டி உருட்டி, ஈரேழு உலகமும் மூச்சடக்கிக் காத்திருக்க, ஒருவழியாய்த் திருவாய் மலர்ந்தருளினான்:

“அப்படியா? நான் கவனிக்கவேயில்லையே.”

வெள்ளைக்கை அவனை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்தாள்.

“சரி அண்ணா, சாயந்தரத்துக்குள்ள அந்த செட்டை முடிச்சுக் குடுத்துடுங்க.”