பழைய எக்செல்லின் செயலாளர்

2011 ஏப்பிரல் 3, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பாரிசின் லா சப்பலில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் சின்ன வரவேற்பறைக்குள் ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்து ஒரு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணினிக்கு முன்னால் இருந்தவர் பெயர் இராஜேந்திரன்.

அவர் தம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் பிரான்ஸ் கிளைச் செயலாளர். பத்து வருடமாக அவர்தான். பகலில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவர் என்பது லா சப்பலில் யாருக்கும் முக்கியமில்லை. தெருவில் அவர் செயலாளர். கடைக்காரர்கள் முருங்கைக்காயைக்கூட அவருக்கு முறித்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

இந்த மரியாதை முழுவதும் ஒரு எக்செல் கோப்பில் தங்கியிருந்தது. சங்கத்தின் வருடாந்த விருந்துக்கு முந்நூறு பேர் வருவார்கள். முந்நூறு பேருக்குச் சமைப்பது பெரிய காரியமல்ல. முந்நூறு பேரை உட்காரவைப்பதுதான் காரியம். ஊரில் வேலியில் தொடங்கிய சண்டையைப் பாரிசுக்கு வெளியே பொண்டிவரை கொண்டுவந்து வளர்க்கிற குடும்பங்கள் உண்டு. முன்வரிசை கிடைக்காவிட்டால் சாப்பிடாமல் போகிறவர்கள் உண்டு. யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதை எல்லாம் அந்தக் கோப்புக்குள் இறக்கி, ஒரு பொத்தானையும் வைத்திருந்தார் இராஜேந்திரன். பொத்தானை அமத்தினால் மேசைகள் தாமாகப் பிரியும். பகையாளிகள் மண்டபத்தின் இரண்டு மூலைகளுக்குப் போய்ச் சேருவார்கள்.

கோப்பு பழைய எக்செல்லில் செய்தது. லண்டன் மச்சான் கொண்டுவந்து கொடுத்த ஆங்கில எக்செல். அந்த வருடம் தலைவர் நீக்கிலாஸ் அண்ணை, துணிக்கடைக்காரர், சங்கத்தின் பெயரில் புதிய பிரெஞ்சு எக்செல் ஒன்றை வாங்கி வந்தார். இனி எல்லாரும் புதியதில் வேலை செய்வோம், கோப்பில் ஆளுக்கொரு பிரதி எடுப்போம் என்றார்.

ஆளுக்கொரு பிரதி. ஆளுக்கொரு பொத்தான். பிறகு செயலாளர் எதற்கு?

கோப்பை நகல் எடுத்து இராஜேந்திரன் புதியதில் திறந்து பார்த்தார். மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து, பொத்தானை இயக்கட்டுமா என்று கேட்டது. அமத்தினார். பொத்தான் பழையதைவிட வேகமாக வேலை செய்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தபோது ஒரு முடிவோடு எழுந்தார். நகலை அழித்தார். கணினியில் இரண்டு எக்செல்லும் இருக்கட்டும் என்று விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது முதல் காட்சி. முதலில் புதியதைத் திறந்தார். மஞ்சள் பட்டை வந்தது. அதைக் காணாதவர் மாதிரிப் பொத்தானை அமத்தினார். ஒன்றும் அசையவில்லை. "பாத்தியளோ?" என்றார். பிறகு பழையதைத் திறந்தார். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதெல்லாம் அந்தக் கணினி தன்னைத் தானே ஒழுங்குபடுத்தத் தொடங்கும். திரையில் ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறையும். அது நிறையும் வரைக்கும் ஏழு பேரும் கட்லட் சாப்பிட்டார்கள். பழையது திறந்தது. பொத்தான். மேசைகள் பிரிந்தன.

"புதுசுக்கு இது விளங்காது அண்ணை. பழசு இந்த மெசினிலை மட்டும்தான் கிடக்கு. இனிக் கடையிலையும் இல்லை."

நீக்கிலாஸ் அண்ணை பெருமூச்சு விட்டார். அப்படியென்றால் கூட்டங்களை இனி இஞ்சையே வைக்கவேண்டியதுதான் என்றார்.

அந்தக் கட்லட்டைப் பொரித்தவர் கோசலை. இராஜேந்திரனின் மனைவி. அதே பள்ளிக்கூடம், நாலு வகுப்புக் கீழே. சென் தெனியில் ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் கிழமை முழுவதும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவர். இனி ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சங்கத்துக்கும் பரிமாறவேண்டும்.

"ஏனப்பா ஒரு மெசினுக்கை ரெண்டு?" என்று கோப்பைகளைக் கழுவியபடி கேட்டார்.

"புதுசு வந்திட்டுது எண்டு பழசைக் கலைக்கிறதே? ரெண்டையும் வச்சுக்கொண்டு சமாளிக்கிறதுதான் கெட்டித்தனம்."

கோசலை திரும்பிப் பார்த்தார். "இது எக்செல்லுக்கு மட்டும் சொல்லுற கதைதானே?"

இராஜேந்திரன் அவசரமாக ஓம் என்றார்.

கூட்டத்தை நீக்கிலாஸ் அண்ணையின் கடைக்குப் பின்னால் வைக்கலாமே என்று கோசலை கேட்டதற்கு, கணினியைத் தூக்கிக்கொண்டு தெருவில் திரிய ஏலாது என்று பதில் வந்தது. தன்னுடைய ஞாயிறு போகிறது என்றதற்கு, ஞாயிறு எல்லாருக்கும்தான் போகிறது என்றார். கோசலை அதற்குமேல் பேசவில்லை. மனைவி பேசாமல் இருந்தால் அது தமக்கு வெற்றி என்று நம்புகிற கணவர்களில் இராஜேந்திரனும் ஒருவர்.

செப்டெம்பரில் கன்ரீன்காரர் கோசலையைப் போர்மசியோனுக்கு அனுப்பினார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துவராது என்று அட்டவணை போடுகிற பயிற்சி. புதிய எக்செல்லில். வீட்டுக் கணினியில் பழகிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

"புதுசைத் தொடும். பழசைத் தொடாதையும்."

"ஓம்" என்றார் கோசலை. சொன்னபடி பழையதைத் தொடவே இல்லை.

ஒக்டோபர்க் கூட்டத்துக்கு ஒரு புது உறுப்பினர் வந்தார். பெயர் இம்மாகுலேற். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. புதியதில் ஏன் வேலை செய்யாது என்பதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். இராஜேந்திரனுக்கு அதைவிடச் சந்தோசம் என்ன? ஆறு மாதமாக ஆடிய காட்சி. புதியதைத் திறந்தார். கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போய்விட்டது. அமத்தின பிறகுதான் கண் மேலே போனது.

மஞ்சள் பட்டையைக் காணவில்லை.

மேசைகள் பிரிந்தன. பகையாளிகள் மூலைகளுக்கு ஓடினார்கள். கட்லட்டில் ஒருவரும் இன்னும் கை வைக்கவில்லை.

"வேலை செய்யுதே தம்பி" என்றார் நீக்கிலாஸ் அண்ணை.

"சில நாளிலை அப்பிடித்தான் அண்ணை. நாளைக்குச் செய்யாது."

"நாளைக்கும் செய்யும்." சமையலறை வாசலில் கைதுடைத்துக்கொண்டு நின்றார் கோசலை. "முந்தநாள் மேலை ஒரு மஞ்சள் பட்டை வந்து, இயக்கட்டோ எண்டு கேட்டுது. ஓம் எண்டு அமத்தினனான். ஒருக்கா அமத்தினால் பிறகு கேக்காதாம். போர்மசியோனிலை சொன்னவை."

"நீர் ஏன் சங்கத்தின்ரை கோப்பைத் திறந்தனீர்?"

"நானும் பழைய மாணவிதானே. எந்த மேசையிலை என்னைப் போட்டிருக்கிறியள் எண்டு பாத்தனான்." கொஞ்சம் நிறுத்தினார். "சமையலறைக்குப் பக்கத்து மேசை."

இம்மாகுலேற்தான் முதலில் சிரித்தார். கடைசியாகச் சிரித்தவர் தலைவர்.

அன்றைக்கே ஆளுக்கொரு பிரதி போனது. ஆனாலும் இராஜேந்திரனின் கையில் இன்னொரு துருப்பு இருந்தது. ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டத்தில் அவர் எழும்பி, களைத்துப்போனேன், பதவியை விடுகிறேன் என்பார். சபை பதறும். இரண்டு பேர் வந்து கையைப் பிடிப்பார்கள். நீர் இல்லாமல் சங்கம் இல்லை என்பார்கள். அவர் மூன்று தரம் மறுத்துவிட்டு ஒத்துக்கொள்வார். பொத்தான் போனால் போகட்டும், கெஞ்சல் கிடைத்தால் இன்னொரு பத்து வருடம் ஓட்டலாம்.

நவம்பரில் சென் தெனியில் ஒரு மண்டபத்தில் பொதுக்கூட்டம். கோட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனார். எழும்பினார். களைத்துப்போனேன் என்றார். பதவியை விடுகிறேன் என்றார். கையைப் பிடிக்க வருகிறவர்களுக்கு வசதியாகக் கொஞ்சம் முன்னால் வந்தும் நின்றார்.

ஒருவரும் வரவில்லை. நீக்கிலாஸ் அண்ணை கூட்ட வழக்கப்படி, "ஆரும் வழிமொழியினமோ?" என்றார்.

மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "நான் வழிமொழியிறன்."

இராஜேந்திரனுக்குத் தெரிந்த வளையல்.

"என்ன கதை இது கோசலை?" என்றார் மெல்ல. அவர் மெல்லச் சொன்னது ஒலிவாங்கியில் மண்டபம் முழுவதும் கேட்டது.

"பத்து வருஷமாக் களைச்சுப்போனன் எண்டு சொல்லுறியள். ஒருத்தரும் காதிலை விழுத்தேல்லை. நான் எண்டாலும் விழுத்தவேண்டாமே?"

மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் ஓயமுன்னம் இம்மாகுலேற் எழும்பிக் கோசலையின் பெயரை முன்மொழிந்தார். வீட்டில் கூட்டம் வைப்பதில்லை என்றால் சரி என்றார் கோசலை. வேறு நிபந்தனை இல்லை.

திரும்பி வருகிற ரயிலில் கார் து நோர் நிலையம் வரைக்கும் இராஜேந்திரன் கோட்டுப் பொத்தானைப் பூட்டித் திறந்துகொண்டிருந்தார். இறங்கி நடக்கும்போதுதான் கேட்டார்.

"அந்தப் பொண்டிக் குடும்பத்தை எங்கை போடப்போறீர்?"

"நீங்கள் போட்ட மூலையிலைதான். உங்களை மாதிரி ஆரும் போட ஏலாது."

அவருக்கு மனம் குளிர்ந்தது. குளிர்ந்த மனத்தோடு அவர் பத்து அடி நடந்தபிறகு, உதவிச் செயலாளர் பதவிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்றார் கோசலை. வீட்டுப் படி ஏறமுன்னம் இராஜேந்திரன் ஓம் என்றிருந்தார்.

2012 பெப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை, செயலாளர் திருமதி கோசலை இராஜேந்திரனின் பணிப்பின்படி பழைய எக்செல் கணினியிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கியவர் உதவிச் செயலாளர்.