பெரியசாமி பெயரில் ஒரு அட்டை

வெளிநாட்டில் வேலை பார்ப்பவனுக்கு ஊர் வந்ததும் ஒரு வியாதி வரும். சட்டைப்பையில் இருப்பதை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் சோறு இறங்காது. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

திருச்செங்கோட்டுக்காரனான நான் தான்சானியாவில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தேன். அப்பா இறந்தபோது என்னால் வர முடியவில்லை. நண்பன் பழனிசாமிதான் என் இடத்தில் நின்று கொள்ளி வைத்தான். எட்டு மாதம் கழித்து லீவில் வந்த நான், அவனுக்கு நன்றி சொல்லத் தெரியாமல், சேலத்தில் ஒரு பெரிய ஹோட்டல் பாரில் 'செந்தில்' என்று என் பெயரில் மேஜை சொல்லி வைத்தேன். (கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். செலவும் இல்லை.)

கிளம்பும்போது அம்மா, "ஆதாரை எடுத்துக்க சாமி" என்றார்.

"அதெல்லாம் உள்ளூர்க்காரனுக்கும்மா."

பழனிசாமி தன் கல்யாணச் சட்டையில் வந்திருந்தான். பொத்தான்கள் வயிற்றோடு போராடிக்கொண்டிருந்தன.

வாசலில் மேனேஜர் அடையாள அட்டை கேட்டார். தான்சானியாவில் எனக்குத் தந்த வேலை பர்மிட் அட்டையை இரண்டு விரலால் நீட்டினேன்.

"செந்தில்னு சொன்னீங்க. இதுல பெரியசாமின்னு இருக்குதுங்களே?"

"அது எங்கப்பா பேருங்க. அங்க அதைத்தான் பெருசா போடுவாங்க."

என் பெயர் கீழே பொடியெழுத்தில் இருந்தது. அதன்மேல் கிரீஸ் கறை. போட்டோவில் வேறு காடு மாதிரி தாடி.

"இது செல்லாதுங்க. அப்பா கார்டுன்னா அப்பாவையே கூட்டிட்டு வாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் யாருன்னு தெரியுமா?" என்று கத்தினேன். (அவரும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்!)

பழனிசாமி என் தோளில் கை வைத்து, மேனேஜரிடம் மெதுவாகச் சொன்னான்: "அவரு வரமாட்டாருங்க. நாந்தான் கொண்டு போய் உட்டுட்டு வந்தேன்."

திரும்பும் வழியில் சங்ககிரியில் டீ குடித்தோம். "உங்கப்பா கடைசியா, செந்திலு கெளம்பிட்டானான்னு கேட்டாருடா. வந்துட்டே இருக்கானுங்கன்னு பொய் சொல்லிப்புட்டேன்" என்றான். லாரிக்காரர்கள் நிறைந்த அந்தக் கடையில் வாய்விட்டு அழுதேன். அந்த அட்டையை நீட்டியதை விட, அன்று வராமல் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போதும் நான் லீவில் இருந்தால் பழனிசாமி எங்கள் வீட்டுக்குப் போன் போடுவான். "பெரியசாமி இருக்காருங்களா?" முதல்முறை அம்மா அழுதார். இப்போது சிரித்தபடி, "இருக்காரு சாமி, குடுக்கறேன்" என்று போனை என்னிடம் நீட்டுகிறார்.

வாங்கிக்கொண்டு நானும் சொல்வேன்: "பெரியசாமிதான் பேசறனுங்க. வந்துட்டேன்."